தொழில் தெரிந்தெடுத்தலும் தொழிற்பயிற்சியும்

தச்சர் மகன் தச்சு வேலையையும், கொல்லர் மகன் உலைக்கள வேலையையும், நெசவாளர் மகன் தறி வேலையையும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்வது கிராமங்களின் நெடுங்கால வழக்கம். பிறப்பையொட்டி ஒருவனுக்கு ஒரு தொழிலை விதித்து, மற்றத் தொழில்களின் வாயிலை அவனுக்கு அடைத்துவைத்தது அவ்வழக்கத்தின் பெருங்குறையாகும். ஆயினும் தொழிலுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு அது இரண்டு நன்மைகளைச் செய்து வந்தது. எந்தத் தொழிலைக் கற்பது என்ற கேள்விக்கு விடை கூறியது. கற்கும் காலத்தில் அவனுக்கு உணவும் அளித்தது.

நிலமுமின்றிக் கைத்தொழிலுமின்றிக் கூலிக்கு உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டு வசதிகளும் இல்லை. பட்டறையில் வேலை செய்யும் மாமனோ, ஆலையில் வேலை செய்யும் தமையனோ இல்லாத அவனுக்கு, இன்ன தொழில் உண்டு, இன்னவிடத்தில் கற்கலாம், இன்ன கூலி கிடைக்கும் என்று எடுத்துச் சொல்வார் யாருமில்லை. கற்பதற்குச் சில மாதங்கள் செலவிடலாமென்றாலோ, அன்றாடக் கூலி நின்றுபோகும். நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் கூலியும் மாதத்தில் 20 நாள் வேலையும் உள்ள ஒருவன் ஒரு மாதப் பயிற்சிக்குச் செல்வானாயின், பயிற்சி இலவசமாகவே இருந்தாலும், அவன் குடும்பம் 10,000 ரூபாய் வருமானத்தை இழக்கிறது. இத்தகைய குடும்பம் இந்த நஷ்டத்தை ஒருமுறை பொறுக்கும். இரண்டாம் முறை பொறுக்காது. ஆகவே, தகாத தொழிலைத் தெரிந்தெடுத்துவிட்டால், கெடுவது ஒரு மாதம் மாத்திரமன்று. அவனுக்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பமும் வீணாகிறது.

இதனாலேயே தொழிற்பயிற்சி அளித்தலோடு தொழில் வழிகாட்டலும் ஒரு தேசத்தின் கடமையாகக் கருதப்படுகிறது. இந்திய தேசத்தில் இதற்கென ஏற்பட்டுள்ள வழிகளையும், அவற்றைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய முறைகளையும் இங்கே காணலாம்.

ஏற்பாட்டின் வரலாறு

இரண்டாம் உலக யுத்தத்தின்போது யுத்த தளவாடத் தொழிற்சாலைகளுக்குக் கைதேர்ந்த தொழிலாளிகள் வேண்டியிருந்தமையால், 1940-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். யுத்தம் முடியும் தறுவாயில், சேனையிலிருந்து விலக்கப்படும் வீரர்களுக்கு வேலை தேடித் தரும் பொருட்டு, 1945-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இலாகா ஏற்படுத்தப்பட்டது. தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களுக்கும் அதன் உதவி பின்னர் அளிக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் அதன் அலுவலகங்கள் வேலை தேடுவோர் யாவருக்கும் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டிலேயே, பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களைத் தயாரிப்பதற்காக, பிலாஸ்பூருக்கு அடுத்த கோனி என்னுமிடத்தில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. 1950-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 50 தொழிற்பயிற்சி நிலையங்களுடன் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிற்று.

1952-ஆம் ஆண்டில் ஸ்ரீ பி. சிவராவ் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிட்டியார் இந்த ஏற்பாடுகளை ஆராய்ந்தனர். வேலை காலியிடங்களைத் தெரிவிப்பதோடு நில்லாமல், இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டலும் செய்யவேண்டுமென்பது அவர்கள் கூறிய யோசனைகளில் ஒன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சியின் தரத்தை நிர்ணயிக்கத் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்ஸில் ஒன்றும் அவ்வாண்டில் அமைக்கப்பட்டது. ஓரிடத்தில் பெற்ற சான்றிதழ் தேசமெங்கும் செல்லுபடியாகவேண்டுமென்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டில் ஜில்லாதோறும் உள்ள அலுவலகத்திற்கு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று பெயர் வழங்குகிறது. பெயரை வாசிப்போர், பதிவு செய்துகொள்ள மாத்திரமே அங்கே செல்லவேண்டுமென்று எண்ணலாகாது. ஆலோசனை கேட்பதற்கும் அது உரிய இடமாகும்.

வழிகாட்டல் என்பது யாது?

வழிகாட்டல் என்பது ஒருவனிடம் ஒரு தொழிலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவதன்று. நான்கு விஷயங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே வழிகாட்டலாகும். முதலாவது, அவனுடைய படிப்பும் கையநுபவமும். இரண்டாவது, அவன் தேகநிலை. மூன்றாவது, அவன் விருப்பமும் குடும்ப நிலையும். நான்காவது, அத்தொழிலுக்கு அவன் சென்று வரக்கூடிய தூரத்தில் உள்ள தேவை.

இவற்றில் ஒன்றை விட்டாலும் தீங்கு நேரும். மின்சார வேலையில் கம்பிகளை நிறத்தைக்கொண்டே வேறு பிரித்தறிய வேண்டியிருப்பதால், நிறவேற்றுமை காணமுடியாத கண்ணுடையவனுக்கு அது அபாயமான தொழில். பட்டவைப்பு வேலை, அதாவது வெல்டிங், நல்ல கண்பார்வையும் நடுக்கமற்ற கையும் வேண்டுவது. கொத்து வேலையில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடிக்கக் கற்பது எளிது. உயரத்தில் சாரத்தின்மேல் நின்று நாள் முழுதும் வேலை செய்ய எல்லோராலும் இயலாது. ஒரே கிராமத்தில் 20 பெண்கள் தையல் கற்றுக்கொண்டால், இருவருக்குப் போதுமான துணியே அங்கு தைக்கக் கிடைக்கும். மற்றவர்களின் இயந்திரங்கள் மூலையில் துருப்பிடிக்கும். கற்றவர்களின் திறமைக் குறைவால் இது நேர்வதில்லை. தெரிந்தெடுக்கும் வேளையில் யாரும் கணக்குப் பார்க்காததே காரணம்.

படித்தவர்க்குள்ள வழிகள்

எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறிய பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையமே முதல் வழி. பிட்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்; பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. வெல்டர் தொழிலுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது, காலம் ஓராண்டு. ஆகவே எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையனை, இனி அவனுக்குக் கூலி வேலையே கதி என்று கைவிடுவது தவறு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இந்நிலையங்களில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பெண்களுக்கென்றே 1977-ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அது தில்லிக்கு அருகிலுள்ள நொய்டாவில் இருக்கிறது.

இரண்டாவது வழி, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தைச் சார்ந்தது. தொழிற்சாலையிலேயே வேலை பழகிக்கொண்டு, பழகும் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை பெறுவதற்கு இச்சட்டம் வகைசெய்கிறது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள், தம் ஆட்தொகையில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரையில் பழகுநரை அமர்த்திக்கொள்ள வேண்டும். உழைத்துக்கொண்டே கற்கும் இம்முறை, கூலி நின்றுபோகுமென்று அஞ்சும் குடும்பங்களுக்குப் பெரிதும் ஏற்றது.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உத்தியோகப் பரீக்ஷைகளுக்கும் நேர்முகத் தேர்வுகளுக்கும் தயாராகும்பொருட்டு, 1969-70-ஆம் ஆண்டில் தில்லி, ஜபல்பூர், கான்பூர், சென்னை ஆகிய நான்கு நகரங்களில் பயிற்சியும் வழிகாட்டலும் ஒருங்கே அளிக்கும் மையங்கள் திறக்கப்பட்டன. பின்னர் வேறு பல நகரங்களிலும் இவை ஏற்பட்டன. படிப்பிருந்தும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கியதால் வேலையிழந்தோர் பலர் இருந்தமையே இதற்குக் காரணம்.

எழுத்தறியாதவர்களும் அநுபவசாலிகளும்

பள்ளிக்கூட வாசலையே மிதியாதவர்களுக்கு மேற்கூறிய வழிகள் உதவா. அவர்களுக்காக 1967-ஆம் ஆண்டில் பம்பாயில் சிரமிக் வித்யாபீடம் என்னும் தொழிலாளர் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. அவ்வகை நிலையங்கள் 2000-ஆம் ஆண்டில் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்று பெயர் பெற்றன. எழுத்தறியாதவரும், அண்மையில் எழுத்தறிந்தவரும், படிப்பை இடையில் நிறுத்தியவரும் இவற்றில் தொழில் கற்கலாம். பயிற்சியைத் தொழிலாளி வசிக்கும் இடத்திற்கே கொண்டுசெல்வது இவற்றின் சிறப்பு.

மற்றொரு வகுப்பார், தொழில் நன்கு அறிந்தும் அதற்கு அத்தாட்சி இல்லாதவர்கள். சித்தாளாகச் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனாராக உயர்ந்தவர் பலர். கம்பி கட்டுவோர், குழாய் பொருத்துவோர், வர்ணம் பூசுவோர் ஆகியோரும் இத்தகையவரே. இவர்களைப் புதிதாக மாணவர்களாக்க வேண்டியதில்லை. கைவசமுள்ள திறமையைப் பரீட்சித்து, குறையுள்ள பகுதியை மாத்திரம் சில நாட்களில் கற்பித்துச் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்றுண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கு இடமளிக்கப்பட்டது. சான்றிதழ் ஒன்றினாலேயே கூலி உயர்ந்துவிடுமென்று சொல்லமுடியாது. ஆனால் அயலூரில் அறிமுகமில்லாத கண்டிராக்டரிடம் வேலை கேட்கும்போதும், வெளிதேசத்திற்குச் செல்லும்போதும், தன் தொழிலை நிரூபிக்க அது உதவும்.

உடற்குறையுள்ளோர்

உடற்குறையுள்ளவருக்கு வழிகாட்டல் மற்றெவரைக் காட்டிலும் அதிகம் வேண்டப்படுகிறது. அவரால் செய்யமுடியாதவற்றையே ஊரார் எண்ணுகின்றனர்; செய்யமுடிந்தவற்றை அளந்து பார்ப்பார் இல்லை. இந்தக் காரியத்திற்கென்றே 1968-ஆம் ஆண்டில் பம்பாயிலும் ஐதராபாத்திலும் தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. சென்னையில் கிண்டியிலும் இத்தகைய மையம் ஒன்று நிறுவப்பட்டது. இவை பிற்காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையங்கள் என்று பெயர் மாற்றப்பட்டன.

அங்கு செல்பவரின் தேகநிலையும் மனநிலையும் முதலில் அறியப்படுகின்றன. பிறகு உலோக வேலை, மர வேலை, மின்சார வேலை, தையல் முதலிய பட்டறைகளில் அவரை அமர்த்தி, எந்த வேலை அவர் கைக்கு இசைகின்றது என்று அநுபவமுள்ளவர்கள் கவனிக்கின்றனர். கால் வலுவற்றவருக்கு உட்கார்ந்து செய்யும் ரிப்பேர் வேலையும், மிதிக்கு வேலையில்லாத மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் பொருந்தக்கூடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்களுக்குத் தொழிற்பயிற்சியும் சலுகை வட்டியில் கடனும் கிடைக்கச் செய்வதைச் சர்க்காரின் கடமையாக்கியுள்ளது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில், 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கவும் அச்சட்டம் கட்டளையிடுகிறது.

சட்டப்படி உரிமையுள்ளவர்கள்

சிலருக்குப் பயிற்சி என்பது சர்க்காரின் தயவாலன்றிச் சட்டத்தால் கிடைக்கும் உரிமையாகும். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தொழிலிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கோ, அவர் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கோ, தகுதிக்கும் விருப்பத்திற்கும் ஏற்ற ஜீவனத் தொழிலில் பயிற்சி தரவேண்டும். பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் கொடுக்கவேண்டும். புதுத் தொழில் தொடங்க மானியமும் சலுகைக் கடனும் உண்டு.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விடுவிக்கப்பட்டவர் மறுபடியும் கடனுக்கு அடிமையாகாதவாறு அவருடைய பொருளாதார நலனைக் காப்பது ஜில்லா மாஜிஸ்திரேட்டின் பொறுப்பென்று அது கூறுகிறது. கண்காணிப்புக் கமிட்டிகளின் கடமைகளுள், கிராம பாங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் விடுவிக்கப்பட்டவருக்குப் போதிய கடன் அளிக்கும்படி அவற்றின் வேலைகளை இணைத்து நடத்துவதும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களைச் சட்டமே பெயர் சொல்லி அழைத்திருப்பதைச் சங்கத்தார் கவனிக்கவேண்டும். செங்கற்சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ விடுதலையாகி வந்த குடும்பம், கைமுதலுமின்றித் தொழிலுமின்றி இருந்தால், முன்பணம் கொடுக்கும் அடுத்த முதலாளியிடம் போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

இரண்டு அநுபவங்கள்

கிராம இளைஞர்களுக்குச் சுயதொழில் கற்பிக்கும் டிரைசெம் என்ற திட்டம் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கப்பட்டது. 18 முதல் 35 வயதுக்குட்பட்ட ஏழைக் குடும்பத்தார் பலர் இதில் பயிற்சி பெற்றனர். ஆனால் பயிற்சி முடிந்தபின் அத்தொழிலில் இறங்காதவர்களும் பலர். உதவித்தொகைக்காகவே சேர்ந்தவர்கள் சிலர். ஊரில் தேவையில்லாத தொழிலைக் கற்றவர்கள் சிலர். கற்றும், கருவிகள் வாங்கக் கடன் கிடைக்காமல் திகைத்தவர்கள் சிலர். இத்திட்டம் 1999-ஆம் ஆண்டில் வேறொரு திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

கர்நாடகத்தில் தர்மஸ்தலத்துக்கு அருகிலுள்ள உஜிரே என்னுமூரில், 1982-ஆம் ஆண்டில் தர்மஸ்தல மஞ்சுநாதேசுவரர் கல்வி அறக்கட்டளையும், ஸிண்டிகேட் பாங்கியும், கனரா பாங்கியும் சேர்ந்து மற்றொரு முறையைக் கையாண்டன. சேர விரும்புவோரை முதலில் விசாரித்துப் பொறுக்கியெடுத்தனர். தங்க இடமும் உணவும் இலவசமாகக் கொடுத்து, குறுகிய காலத்தில் தீவிரமான பயிற்சி அளித்தனர். கைவேலையோடு கணக்கெழுதுதலும், விலை நிர்ணயித்தலும், வாடிக்கைக்காரரிடம் பேசுதலும் கற்பித்தனர். பயிற்சி முடிந்து சென்றவரைப் பின்தொடர்ந்து, பாங்கிக் கடன் பெறவும் தொழில் நிலைக்கவும் உதவினர். இம்முறை பயன் தந்ததைக் கண்டு, அதை முன்மாதிரியாகக்கொண்டு பாங்கிகளின் பொறுப்பில் ஜில்லாக்கள்தோறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டன. பயிற்சிக்குப்பின் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது இவற்றின் விதி. ஒருவரைச் சேர்க்குமுன் வழிகாட்டலும், கற்பித்தபின் கைதாங்கலும் இருந்தாலன்றி, நடுவிலுள்ள பயிற்சி எவ்வளவு சிறந்ததாயினும் நிலைக்காதென்பதை இவ்விரண்டு அநுபவங்களும் காட்டுகின்றன.

கூட்டுறவால் உயர்ந்த கூலியாட்கள்

தொழிலாளரே சங்கமாகச் சேர்ந்து வழிதேடிக்கொண்டதற்குப் பழைய சென்னை ராஜதானியிலேயே ஓர் உதாரணம் உண்டு. மலையாள ஜில்லாவில் வடகரைக்கு அருகிலுள்ள ஊராளுங்கலில், சமூக சீர்திருத்தத்தைப் போதித்த வாக்படானந்தரைப் பின்பற்றிய கூலியாட்களுக்கு நிலக்கிழார்கள் வேலை கொடுக்க மறுத்தனர். 1925-ஆம் ஆண்டில் அவர்களில் 14 பேர் சேர்ந்து கூலி வேலைக்காரர் பரஸ்பர சகாயக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சாலை போடுதல் போன்ற வேலைகளைச் சங்கமே கண்டிராக்டாக எடுத்து, அங்கத்தினரைக்கொண்டு முடித்தது. நூறாண்டுகளுக்குள் அது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. கொல்லம் ஜில்லா சவறையில் கேரள சர்க்கார் நிறுவிய கட்டிடத் தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தும் பொறுப்பும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டது. வேலை மறுக்கப்பட்டவர்களின் சங்கம் பிறருக்கு வேலை கற்பிக்கும் நிலையை அடைந்தது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு கிராமச் சங்கமும் பயிற்சி நிலையம் வைக்கமுடியாது; வைக்கவும் வேண்டியதில்லை. அண்டையிலுள்ள வழியை அங்கத்தினருக்குக் காட்டுதல் ஒவ்வொரு சங்கத்தாலும் இயலும். அதற்குப் பின்வருவன உதவும்.

1. சங்க எல்லைக்குட்பட்ட கூலிக் குடும்பங்களில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் படிப்பு, தெரிந்த வேலை, உடற்குறை, விருப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஆண்டுக்கொருமுறை திருத்திவருதல்.

2. ஜில்லா வேலைவாய்ப்பு மையம், அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையம், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றின் விலாசத்தையும், சேர்க்கை நடைபெறும் மாதத்தையும் சங்கக் கட்டிடத்தில் யாவரும் காண எழுதிவைத்தல்.

3. ஒருவர் பயிற்சிக்குச் செல்லுமுன், அத்தொழில் செய்யும் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்று, வேலையின் கஷ்டத்தையும் வருமானத்தையும் நேரில் கேட்டறியச் செய்தல்.

4. பயிற்சிக் காலத்தில் குடும்பம் வட்டிக்காரரிடம் செல்லாதபடி, உபவிதிகளுக்கு உட்பட்டுச் சிறு கடன் அளித்தல். பயிற்சி முடிந்தவுடன் கருவிகள் வாங்கக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தல்.

5. ஜாதிச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பள்ளி மாற்றுச் சான்று ஆகியவற்றைக் காலத்தில் வாங்கிவைக்கும்படி நினைவூட்டுதல். சேர்க்கை தேதிக்குப்பின் வரும் தாளால் பயனில்லை.

6. இலவசப் பயிற்சிக்குப் பணம் கேட்கும் தரகர்களைக் குறித்து அங்கத்தினரை எச்சரித்தல். யாதொரு தொகையும் கட்டுமுன் ஜில்லா மையத்தில் விசாரிக்கும்படி சொல்லுதல்.

7. பயிற்சி பெற்றுத் திரும்பியவரை ஆறு மாதத்திற்கொருமுறை விசாரித்து, தொழில் நடவாவிடில் காரணத்தைக் கண்டு, பயிற்சி அளித்த நிலையத்திற்குத் தெரிவித்தல்.

இவற்றுள் கடன் கொடுப்பது தவிர மற்றவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; ஒரு நோட்டுப் புத்தகமும், காரியதரிசியின் சிறிதளவு சிரத்தையும் போதும். பயிர்க்கடனுக்கு மனு எழுதத் தெரியாத அங்கத்தினருக்குச் சங்கம் எழுதிக்கொடுக்கிறது. அவருடைய மகனோ மகளோ எந்தத் தொழிலைக் கற்பதென்று தெரியாமல் நிற்கும்போதும் அதே உதவியைச் செய்யலாம். கற்ற தொழிலில் மாதாமாதம் வருமானம் வரும் குடும்பம் தவணை தவறாமல் கடனைத் திருப்பிக் கொடுக்கும் என்பதும் சங்கத்தார் நினைவில் வைக்கவேண்டியதாகும்.